மோசம் போனது

கவனம் பிள்ளை, அந்த உடுப்பு பாக்கில காலை அடிச்சுப்போடாதேங்கோ. இல்லையில்லை, தூக்க வேண்டாம். அது அதிலயே இருக்கிறதுதான். சுத்தி வாங்கோ. ஓம். அந்தக் கதிரை வேண்டாம், இஞ்சால இதில இருங்கோ. அதுக்கு ஒண்டுமில்லை, நல்ல கதிரைதான். அதில ஆக்கள் இருக்கிறேல்ல.

ஓம், நான்தான் கொட்பிறி. தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வருவா எண்டு உங்கட லைசன்ஸ் கந்தோரில இருந்து போன்ல சொன்னவை. எங்கட ஆக்களாக்கும் எண்டு நினைச்சன். வாசல்ல நிண்டு வணக்கம்ங்க எண்டு சொன்னோடன இந்தியப் பிள்ளையெண்டு விளங்கீற்றுது. எந்த ஊர்? ஈரோடோ. நீங்கள் விசாரிக்க வந்த அவனும் அந்தப் பக்கம்தான் எண்டு சொன்னவன். உங்களுக்குச் சொந்தமில்லைத்தானே? சும்மா கேட்டனான், கோவிக்காதேங்கோ.

தேத்தண்ணி பால் போட்டோ, பாலில்லாமப் பிளேனோ? சரி, பால். நான் கெதியாக் கதைச்சா நிப்பாட்டுங்கோ. விளங்காட்டிக் கேளுங்கோ. அவனை நான் நிப்பாட்டேல்ல, என்னை அவன் நிப்பாட்டேல்ல, அதாலதான் இவ்வளவும்.

இல்லை, மணி பாக்கிறது உங்களைக் கலைக்கிறதுக்கில்லை. மூண்டரைதானே. நாலு மணி வரைக்கும் இருங்கோ.

அந்த வீடு விக்கிற ஏஜன்ட் பிரதீப்குமாரைப் பற்றித்தானே கேக்கிறியள். அவன்ர நோட்டீஸ் தபால் பெட்டிக்குள்ள கிடந்தது. கோட்டுப் போட்ட படம், கீழ நாங்கள் தமிழ் பேசுவோம் எண்டு தமிழில எழுத்து. சிட்னியில, இந்த மெரிலேண்ட்ஸில இருபத்தாறு வருசம் இருக்கிறன், எனக்கு ஒருத்தனும் தமிழில நோட்டீஸ் போட்டதில்லை. நான் மன்னாரில, பேசாலையில அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டு மீன்பிடி வள்ளத்தில ஏறினவன். இஞ்ச வந்து கோழி பக்டரியில எலும்பெடுத்தே காலம் போட்டுது. இங்கிலீசில ஒரு கடிதம் வந்தா என்ர மனிசிதான் வாசிச்சுச் சொல்லும். அந்த மனிசியும் இல்லாத நேரம், வீட்டை விக்கிறதெண்டா ஆரிட்டப் போறது? தமிழ் பேசுறவனிட்டத்தானே.

வந்தான். போன வருசம் புரட்டாதி மாசம். சப்பாத்தைக் கழட்டி வெளியில வைச்சான். அது ஒண்டுதான் அவனிட்ட எனக்குப் பிடிச்சது. காட்ஃப்ரே சார், காட்ஃப்ரே சார் எண்டு கூப்பிட்டான். தம்பி, கொட்பிறி எண்டு சொல்லு எண்டன். சரிங்க காட்ஃப்ரே சார் எண்டான்.

நீங்கள் இருக்கிற இடத்திலதான் இருந்தவன். ஏன் சார் விக்கறீங்க, மேடம் எங்க எண்டு கேட்டான். நான் சொன்னனான், எழுதுங்கோ, ஒரு எழுத்தும் மாத்தாம எழுதுங்கோ. என்ர மனிசி மாசி மாசம் இந்த வீட்டிலதான் மோசம் போனது. குசினிக்குள்ள. இதைத்தான் சொன்னனான்.

பாத்தியளோ, நீங்களும் அவனை மாதிரியே முழிக்கிறியள்.

மோசம் போறதெண்டா எங்கட பக்கத்தில செத்துப்போறது பிள்ளை. சீவன் போறது. செத்தது எண்டு வாயால சொல்ல மாட்டம், அது மாட்டுக்கும் கோழிக்கும் சொல்லுறது. ஆக்களுக்கு மோசம் போட்டா, மோசம் போட்டார் எண்டுதான். உங்கட ஆக்களுக்கு அது ஏமாந்துபோறதாம். எனக்கென்ன தெரியும்? ஐயோ பாவம், எவ்வளவு சார் போச்சு எண்டு அவன் கேட்டான். நான் வயசைக் கேக்கிறானாக்கும் எண்டு நினைச்சு அறுபத்தெட்டு எண்டன். அவன் அறுபத்தெட்டாயிரம் எண்டு நினைச்சு நெஞ்சில கையை வைச்சான்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் பிறகு சிரிச்சனான்.

வேற ஒண்டும் கேக்கேல்ல. ம். வேற ஒண்டும் சொல்லவுமில்லை. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ.

அவன் இந்த வீட்டுக்குச் செய்ததைக் கேளுங்கோ. வீட்டை அலங்கரிக்கோணும் எண்டு ரெண்டு பெட்டையளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சோபா ஒண்டு வாடகைக்கு வந்தது. நான் அதில இருக்கக்கூடாதாம். மேசையில ஒரு கண்ணாடிக் கோப்பை நிறைய எலுமிச்சங்காய். ஊறுகாய் போடலாமோ எண்டு கேட்டன், அது பிளாஸ்ரிக்காம். வாசல்ல கிடந்த பாக்கை மூண்டு தரம் தூக்கி அலுமாரிக்குள்ள வைச்சினம். மூண்டு தரமும் நான் திருப்பிக் கொண்டுவந்து வைச்சன். குசினிக்குள்ள அவ தைச்சுப் போட்ட யன்னல் சீலையைக் கழட்டினவை. திருக்குடும்பப் படத்தைக் கழட்டினவை. அந்த இடத்தில கடற்கரைப் படம். பேசாலையில பிறந்தவனுக்குக் கடல் காட்டுகினம்.

இல்லை, அவவின்ர படத்துக்கு மாலை போடேல்ல. எங்கட கலியாணப் படம்தான் உதில தொங்கினது. மாலை போட்டா முடிஞ்சு போச்செண்டு தானே அர்த்தம். நான் போடேல்ல. மாலையை அவன் பாத்திருந்தா அவனுக்கு விளங்கியிருக்குமோ எண்டு கேக்கிறியள். விளங்கியிருக்கும். ஓம்.

பிறகு வீட்டைக் கம்ப்யூட்டரில போட்டான். பக்கத்து வீட்டு சமீரா, அவ லெபனான் மனிசி, வாசிச்சுச் சொன்னா. அன்பா வைச்சிருந்த குடும்ப வீடாம். வீட்டுச் சொந்தக்காரர் மகளுக்குக் கிட்ட இருக்கிறதுக்காக விக்கினமாம். எந்த மகள்? நான் மகளோட கதைச்சு ஒன்பது வருசம். அவனுக்கு எங்களுக்கு மகள் இருக்கிறது எப்பிடித் தெரியுமெண்டோ? மகளின்ர படம் இருந்ததுதானே சுவரில. படத்தில பாத்திருப்பான்.

வாங்க வந்தது உங்கட பக்கத்துப் பிள்ளையள்தான். ராதா, புருசன் பார்த்தசாரதி. ஆஸ்பத்திரியில வேலையாம் ரெண்டு பேருக்கும். நல்ல பிள்ளையள். அந்தப் பிள்ளை ராதா குசினிக்குள்ள போய் பாத்திரம் கழுவுற தண்ணித் தொட்டிக்கு முன்னால கனநேரம் நிண்டது. இங்க நின்னா வெயில் நல்லா வருது அங்கிள் எண்டது. ஓம், பின்னேரம் வெயில் அதிலதான் விழும். 

அந்தப் பிள்ளை அவனிட்டக் கேட்டிருக்கு, இந்த வீட்டில ஆரும் செத்திருக்கினமோ எண்டு. மாமியார் கேக்கச் சொன்னவவாம். அவன் இல்லை எண்டு மெசேஜில எழுதிக் குடுத்திருக்கிறான். அதை நம்பி கொன்றாக்டில கையெழுத்து வைச்சினம். வீடு கைமாறப் பத்து நாள் இருக்கேக்க, யன்னல் அளக்கிறதுக்கு வந்தவை. சமீரா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, அந்தப் பாவம் மனிசி தொட்டிக்கு முன்னாலதான் விழுந்து கிடந்தவ, நான்தான் சீலை எடுத்துப் போத்திவிட்டனான் எண்டு சொல்லிப்போட்டா. சமீராவில பிழையில்லை. அவ என்னவோ ஆறுதலுக்குத்தான் சொன்னவ.

ராதா அளக்கிற நாடாவை அதிலயே போட்டிட்டுக் காருக்குள்ள போய் இருந்திட்டுது. நாடா இப்பவும் இஞ்சதான் கிடக்குது. போகேக்க தாறன், குடுத்துவிடுங்கோ. அடுத்த கிழமை அவையின்ர வக்கீல், சொலிசிற்றரின்ர கடிதம். பொய் சொல்லி வித்தபடியா கொன்றாக்ட் செல்லாதாம். முடிஞ்சுது. வெள்ளைச் சோபாவையும் தூக்கிக்கொண்டு போட்டினம். எலுமிச்சங்காயை விட்டிட்டுப் போட்டினம்.

அவ மோசம் போன அண்டைக்கோ? மாசி, வெக்கை நேரம். அதெல்லாம் உங்கட விசாரணைப் பேப்பருக்குத் தேவையோ?

சரி. நீங்கள் கேக்கிறபடியாச் சொல்லுறன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மெலனி. மெல்பேர்னில கலியாணம். என்ர தம்பி ஸ்ரான்லியோட எனக்குப் பேச்சில்லை, அது ஊரில வள்ளம் பங்கு பிரிச்ச நேரத்துக் கோபம். மகள் அவனையும் கலியாணத்துக்குக் கூப்பிட்டிட்டாள். அவன் வந்தா நான் வரேல்ல எண்டன். வருவன் எண்டுதான் அவள் கடைசி மட்டும் நினைச்சிருப்பாள். நான் போகேல்ல. அப்பா இல்லாதபடியா ஸ்ரான்லிதான் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போனவன். அதை எனக்கு வீடியோவில காட்டுகினம். நான் எப்பிடி மன்னிக்கிறது, சொல்லுங்கோ? என்ர கை பிடிக்க வேண்டிய கை.

மனிசி, அஞ்சலீனா, போன்ல மகளோட ஒளிச்சு ஒளிச்சுக் கதைப்பா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பன். பேத்தி பிறந்ததும் எனக்குத் தெரியும். ஒன்பது வருசத்தில ஒருக்காக்கூட நான் போக விடேல்ல. கட்டி வைக்கேல்ல பிள்ளை. போக வேண்டாமெண்டு சொல்லுவன், அவ போகமாட்டா. அவ்வளவுதான்.

அந்த மாசியில அவ பாக் அடுக்கிப்போட்டா. உந்த பாக்தான். கொண்டுவந்து வாசல்ல வைச்சிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில போறன் எண்டா. பயமில்லாமச் சொன்னா. நான் கத்தேல்ல. போறதெண்டா போ, போனா திரும்பி வராதை எண்டன். சொல்லிப்போட்டு பின்னால கராஜுக்குள்ள போய் தூண்டில் றீலைப் பிரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தனான். கதைக்கிறேல்ல எண்டு முடிவு. எனக்கு அது பழக்கம். ஒருக்கா பதினொரு நாள் கதைக்காம இருந்தனான், உப்பு கூடின ஒரு மீன் குழம்புக்கு.

நாலு மணியளவில குசினிக்குள்ள இருந்து இஞ்சரப்பா எண்டு கூப்பிட்டா. எங்கட பொம்பிளையள் புருசனைப் பேர் சொல்லுறேல்ல, இஞ்சரப்பாதான். எனக்குக் கேட்டது. சமாதானம் பேசத்தான் கூப்பிடுறா எண்டு நினைச்சன். திரும்பவும் கூப்பிட்டா, கொஞ்சம் மெல்லமா. மூண்டாம் தரம் கூப்பிட்டா போவம் எண்டு இருந்தன்.

மூண்டாம் தரம் கூப்பிடேல்ல.

அஞ்சு மணிக்குத் தேத்தண்ணி வரேல்லயே எண்டுதான் போனனான்.

இல்லை, இல்லை, நீங்கள் ஏன் அழுறியள். இருங்கோ. பேப்பர் துவாய் அந்தப் பக்கத்தில கிடக்குது. இருதயமாம். கூப்பிட்டோடன போயிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவர். நல்ல மனிசன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவாராக்கும்.

அடக்கத்துக்கு மெலனி வந்தவள். கோயில்ல அந்தப் பக்க வாங்கில இருந்தவள், நான் இந்தப் பக்கம். நடுவில பெட்டி. அப்பவும் நான் கதைக்கேல்ல. அவள் வந்து முன்னால நிண்டவள். நான் பூவைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குக் கேக்கும். இஞ்சரப்பா. முதல் தேத்தண்ணிக் கேத்திலின்ர சத்தம், பிறகு செருப்பு இழுபடுற சத்தம், பிறகு அது. ரெண்டு தரம்தான். நீங்கள் படிச்ச பிள்ளை, நம்ப மாட்டியள். நம்பவேண்டாம். நான் எழும்பி ஓடுவன். முதலாவது சத்தத்துக்கே ஓடுவன். போனா வெயில் மட்டும் தொட்டியில விழுந்து கிடக்கும். ஒரு நாள், ரெண்டு நாள் எண்டாப் பரவாயில்லை. ஏழு மாசம். அதாலதான் வீட்டை விக்கிறதெண்டு நினைச்சனான். வேற ஒரு காரணமும் இல்லை. இந்த வயசில எனக்கு எங்க போறதெண்டும் தெரியாது.

என்ன பேப்பர் அது? அவன் எழுதிக் குடுத்ததோ. வாசியுங்கோ. இங்கிலீசோ, அப்ப தமிழில சொல்லுங்கோ.

ம்.

திரும்பச் சொல்லுங்கோ. ராதாவுக்கு என்னெண்டு மெசேஜ் போட்டவன்? மேடம் ஸ்பிரிங்வேலில மகளோட நல்லா இருக்கிறா. மகள் இருக்கிற இடம், ஸ்பிரிங்வேல் எண்டே எழுதியிருக்கிறான்?

ஓம், சுவரில இருந்த படத்தில ஸ்பிரிங்வேல் எண்டு எழுதியிருக்கேல்லத்தான். நீங்கள் கெட்டிக்காரி.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தவன் பிள்ளை. கேற்றுக்கு வெளியில நிண்டான். கோட்டில்லை, சாதாரணச் சேர்ட். உள்ள வா எண்டு நான் சொல்லேல்ல, அவனும் வரேல்ல. எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம் சார், நீங்க என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க போதும் எண்டான். லைசன்ஸ் போனா வீட்டில இருக்கிற ரெண்டு பேரின்ர விசாவுக்கும் கரைச்சலாம். நான் கதவைச் சாத்திப்போட்டன். என்ர மனிசியின்ர யன்னல் சீலையைக் கழட்டினவன்தானே எண்டு நினைச்சுக்கொண்டு சாத்தினனான்.

மணி என்ன? அஞ்சு நிமிசம் இருக்குது.

அவன் வந்த முதல் நாள், அந்த அறுபத்தெட்டு எண்டு சொன்ன பிறகு, அவன் பேனையை எடுத்துக்கொண்டு ஒண்டு கேட்டான். மேடம் இப்ப எங்க இருக்காங்க சார்?

இருக்காங்க எண்டான் பிள்ளை.

ஏழு மாசமா ஒருத்தரும் அவவை இருக்கிறா எண்டு சொல்லேல்ல. சுவாமியார் இருந்தவ எண்டார், பாங்கில இருந்தவ எண்டினம், சமீரா, அவவும் அப்பிடித்தான். இவன் வந்து, முன்னப்பின்னத் தெரியாதவன், இருக்காங்க எண்டுறான். அவனுக்கு விளங்கேல்ல எண்டு எனக்கு அப்பவே விளங்கீற்றுது. இல்லைத் தம்பி, செத்துப்போனா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். மாட்டுக்குச் சொல்லுற சொல்லெண்டாலும் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரேல்ல. ஸ்பிரிங்வேலில, மகளோட எண்டு வந்திட்டுது. சொல்லி முடிய நெஞ்சுக்குள்ள என்னவோ ஒரு சுகம். அவ பேத்தியைக் கையில பிடிச்சுக்கொண்டு மார்க்கட்டுக்குள்ள நடக்கிற மாதிரி, மீன் கடையில நிண்டு செவுளைத் தூக்கிப் பாக்கிற மாதிரி. நான் விட்டிருந்தா அதைத்தானே செய்திருப்பா.

பிறகு ராதா கேட்ட நேரமும் அவன் எனக்குப் போன் எடுத்தவன். அவன் எடுக்கேல்ல எண்டு உங்கட கந்தோருக்கு நான் சொன்னது பொய். சார், வீட்ல யாரும் இறக்கலையே எண்டு விளக்கமாத்தான் கேட்டவன், மோசமும் இல்லை ஒண்டும் இல்லை, செத்தது எண்ட கருத்தில. இல்லைத் தம்பி எண்டன். மேடம் எப்ப வருவாங்க எண்டான். சுகமா இருக்கிறா, இப்போதைக்கு வரமாட்டா எண்டன்.

எழுதுங்கோ. கொட்பிறி சொன்னவன், பிரதீப்குமார் கேட்டதை எழுதினவன் எண்டு எழுதுங்கோ. அவன்ர லைசன்ஸை விட்டுவிடுங்கோ. அவனை எனக்கு இப்பவும் பிடிக்காது, அது வேற கதை. யன்னல் சீலைக்கு அவன் எனக்குப் பதில் சொல்லத்தான் வேணும்.

எங்க, இதிலயோ கையெழுத்து? முழுப் பேரோ?  ம். சரியோ.

மற்றது, இதை எழுத வேண்டாம். பேனையை வையுங்கோ. கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோ.

நாலு தாண்டீற்றுது. உங்களுக்கு ஏதும் கேட்டதோ?

எனக்கும் இல்லை. அவனிட்ட ஸ்பிரிங்வேல் எண்டு சொன்ன அண்டையில இருந்து இப்பிடித்தான். கேத்தில் இல்லை, செருப்பு இல்லை. இப்ப வீட்டை விக்க வேண்டிய தேவையும் இல்லை எனக்கு. நாலு மணிக்குக் குசினிக்குள்ள கதிரை போட்டு இருந்து பாத்தன், யன்னல் சீலையைத் திரும்பப் போட்டுப் பாத்தன். மகளிட்டப் போனவ பாக்கை மட்டும் விட்டிட்டுப் போட்டா, அதுக்கெண்டாலும் வருவா எண்டு வாசல்லயே வைச்சிருக்கிறன். வரமாட்டா பிள்ளை. போனா திரும்பி வராதை எண்டு சொன்னது நான்தானே.